தூண் இருந்த இடம்

செபு நகரத்தில் பனி என்றால்
கோப்பையில் துருவிப் போட்டு
ஊதாக் கிழங்கும் பலாச்சுளையும் சேர்த்து
மேலே பால் ஊற்றித் தருவது.
நான் செய்வது வேறு.

பேரங்காடியின் நான்காவது மாடி,
திரையரங்குக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில்
என் களம்.
வெந்நீர் ஊற்றித்தான் பனியை வளர்க்க வேண்டும்
என்றால் என் மனைவி இன்றுவரை நம்புவதில்லை.
வழித்தெடுத்த சீவலைப் பின்வாசலில் கொட்டுவேன்.
சரக்கு லாரிக்காரர்கள் அதில்
பீர் புட்டிகளைப் புதைத்து வைப்பார்கள்.

பகலில் பிறந்தநாள் குழந்தைகள்.
இரவு பதினொன்றுக்கு, ஷட்டர்கள் இறங்கிய பின்,
அவர்கள் வருவார்கள்:
அழைப்பு மையத்தில் அமெரிக்கர்களிடம்
மன்னிப்புக் கேட்டுக் களைத்த ஹோவெலின்,
பல் மருத்துவம் படிக்கிற தெர்சோ
(மட்டை எவன் வாயில் பட்டாலும்
தனக்கு ஒரு நோயாளி என்பான்),
தண்ணீர் லாரி ஓட்டுகிற அர்செனியோ.
ஆறடி, நூற்றுப்பத்துக் கிலோ.
திரும்பத் தெரியாது. நிற்கத் தெரியும்.

ஃபின்லாந்திலிருந்து ஒரு மூட்டை வந்தது.
பழைய கையுறைகள், ஒன்றின் உள்ளே
மையால் ஒரு பெயர்: ஓஸ்கரி.
யாரோ ஒரு பையனின் ஏழு குளிர்காலத்து வியர்வை.
ஹோவெலின் முகர்ந்து பார்த்துச் சொன்னாள்,
"அங்கேயும் நாறத்தான் செய்கிறது."

அந்தக் கறுப்பு ரப்பர் வட்டுக்குப் பெயர் பக்.
எங்கள் வலைப்பக்கம் அது வரும்போதெல்லாம்
நெஞ்சிலும் அதே சத்தம்தான்.

களத்தின் இடது மூலையில் ஒரு தூண்.
ஐந்தாவது மாடியைத் தாங்குகிறது, நகர்த்த முடியாது.
மெத்தை கட்டினோம், கிழிந்தது.
பிறகு லாரி டயர்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.
இடித்துக்கொண்டார்கள், திட்டினார்கள்,
ஒருநாள் கூட்டாளியாக்கிக்கொண்டார்கள்:
தூணில் அடி, எகிறி வரும், வலைக்குள் தள்ளு.
வருகைப் பதிவேட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்,
"தூண். இன்றும் வந்திருந்தது."

ஏப்ரலில் உலான்பாத்தர்.
முழு அளவுக் களம், எங்களுடையதைப் போல இரண்டரை மடங்கு.
'ஒரு கோடியிலிருந்து மறு கோடி போவதற்குள்
பசிக்கிறது' என்று தெர்சோ செய்தி அனுப்பினான்.

பின்வாசலில் அமர்ந்து கைபேசியில் பார்த்தேன்.
லாரிக்காரர்கள் என் தோளுக்குப் பின்னால்.
முதல் பகுதியில் எட்டு, இரண்டாவதில் ஏழு,
எல்லாம் எங்கள் வலைக்குள்.
ஹோவெலின் இடது மூலைக்கு அடித்தாள்.
அங்கே தூண் இல்லை.
மறுபடியும் அடித்தாள். பழகிய கை.
பக் வெற்றிடத்தைத் தாண்டிப் போய்
மங்கோலியர்களிடம் சேர்ந்தது.
வர்ணனையாளர் சிரித்ததற்கு
மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது பகுதியில்
அர்செனியோ மெல்ல நகர்ந்து
அந்த இடத்தில் போய் நின்றான்.
யாரும் சொல்லவில்லை. நின்றான்,
ஐந்தாவது மாடி தலைமேல் இருப்பதைப் போல.
ஹோவெலின் அடித்தாள்.
அவன் முழங்கால் கவசத்தில் பட்டு எகிறிய பக்

படம் உறைந்துவிட்டது.
தெர்சோவின் மட்டை பாதி தூக்கியபடி,
எதிரணி வலைகாப்பாளனின் ஒரு கால் அந்தரத்தில்,
நடுவே சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வளையம்.
பதினாறு வருடமாக
உறைவதற்காகக் காத்திருந்து பிழைப்பவன் நான்.
உருகு, உருகு என்று கெஞ்சியது
அன்றைக்குத்தான்.

நகர்ந்தபோது பலகையில் பதினெட்டு, ஒன்று.
எங்கள் ஆட்கள் ஒரே குவியலாகக் கிடந்தார்கள்.
அடியில் எங்கேயோ அர்செனியோ.

அந்த கோலை நான் இன்னும் பார்க்கவில்லை.
அன்றிரவு தேவையே இல்லாமல்
களத்தை இரண்டு முறை வழித்தேன்.
தூணருகே வண்டியை நிறுத்தி
டயரில் ஒரு தட்டு.
பின்வாசலில் சீவல் இடுப்புயரம் கிடந்தது.
லாரிக்காரன் கைவிட்டுத் துழாவி
எனக்கும் ஒன்று எடுத்தான்.